அந்தக் கல்லுக்குக் கீழே சிப்பாய் இருக்கிறாரா?

நீங்கள் கேட்டிருப்பது நான்கு கேள்விகள். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் புதிதாகக் குடிவந்த சிற்றூரில் மாலை நடைக்குப் போகிற கல்லறைத் தோட்டத்தின் நடுவில் ஒரு சிப்பாய் சிலை நிற்கிறது, அது யார்? சில கல்லறைகளுக்கு முன்னால் மட்டும் இரும்பு நட்சத்திரமும் சின்னக் கொடியும் ஏன்? ஒரு குடும்பத் தூணில் "ஆண்டர்சன்வில், ஜார்ஜியா, ஆகஸ்ட் 1864, வயது 19" என்று இருக்கிறது, ரெஜிமெண்ட் (படைப்பிரிவு) எண் 14ஆ 16ஆ என்று தெரியவில்லை. அவ்வளவு தூரத்தில் செத்த பையன் இங்கே எப்படி வந்தான்? கடைசியாக, பாசி பிடித்த கல்லை நாமே கழுவிவிடலாமா? நான்கையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் நீங்கள் கேட்க வந்தது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது: இந்தக் கற்கள் சொல்வதை எவ்வளவு நம்பலாம்?

நான் வரலாற்றுப் பேராசிரியர் இல்லை. பக்கத்து ஊர்க் கல்லறைத் தோட்டச் சங்கத்தில் 14 வருடமாகத் தன்னார்வலர். புல் வெட்டப் போனவன், சாய்ந்த கல்லை நிமிர்த்தக் கற்றுக்கொண்டு, அப்புறம் பழைய பதிவேட்டையும் கல்லையும் ஒப்பிட்டுப் பார்க்கிற வேலையில் மாட்டிக்கொண்டேன். அதனால் நான் சொல்வது பெரும்பாலும் நியூ இங்கிலாந்து என்கிற அமெரிக்காவின் இந்த வடகிழக்குப் பக்கத்துக்குப் பொருந்தும். அந்த வேலையில் நான் கற்ற பாடம் ஒன்று உண்டு. ஒரு நினைவுக்கல்லைப் பார்த்ததும் யார் செத்தார் என்று கேட்பதற்கு முன்னால், இதற்கு யார் காசு கொடுத்தார்கள், எந்த வருடம் கொடுத்தார்கள் என்று கேட்க வேண்டும். குடும்பம் வைத்த கல், அரசாங்கம் அனுப்பிய கல், ஊர் கூடி வைத்த சிலை, பழைய வீரர்கள் சங்கம் குத்திவிட்டுப் போன நட்சத்திரம் என நான்கும் நான்கு விதமான சாட்சிகள்.

முதலில் அந்தப் பையன். அவன் உடல் அந்தத் தூணுக்குக் கீழே அநேகமாக இல்லை. அது குடும்பம் வைத்த கல். அப்பா அம்மாவுக்குத் தூண் எழுப்பும்போது, திரும்பி வராத மகனின் பெயரையும் ஒரு பக்கத்தில் வெட்டி வைப்பது அன்றைக்கு வழக்கம். இந்தப் பக்கத்துக் கல்லறைத் தோட்டம் எதற்குள் போனாலும் இப்படி வெறும் பெயர்கள் இருக்கும், கூடவே செத்த போர்க்களம்: ஆன்டீட்டம், ஃப்ரெடரிக்ஸ்பர்க், கோல்ட் ஹார்பர். 1861 முதல் 1865 வரை வட மாநிலங்களுக்கும் தென் மாநிலங்களுக்கும் நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் செத்தவர்கள் 6,20,000 பேர் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படும் கணக்கு. அதைவிட அதிகம் என்று பிற்கால ஆய்வுகள் சொல்கின்றன. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குண்டடி பட்டல்ல, வயிற்றுப்போக்கிலும் காய்ச்சலிலும் போனவர்கள். வசதியுள்ள குடும்பங்கள் ஆள் அனுப்பி, உடலைப் பதப்படுத்தி ரயிலில் கொண்டுவந்தன. அதிகாரிகளுக்கு அது கொஞ்சம் எளிது. சாதாரண சிப்பாயின் வீட்டுக்கு வந்து சேர்ந்தது பெரும்பாலும் ஒரு கடிதம்தான்.

அதிலும் ஆண்டர்சன்வில் போர்க்களமே இல்லை, தென்தரப்பின் கைதி முகாம். 1864 பிப்ரவரியில் திறந்தார்கள். போர் முடிவதற்குள் ஏறத்தாழ 45,000 வடதரப்புக் கைதிகள் அதற்குள் போனார்கள், கிட்டத்தட்ட 13,000 பேர் அங்கேயே செத்தார்கள். அந்த வருடம் ஆகஸ்டில் நிலைமை மிக மோசம். பிணங்களை நீளப் பள்ளங்களில் தோளோடு தோள் சேர்த்துக் கிடத்தி, தலைமாட்டில் எண் போட்ட முளை அடித்தார்கள். உங்கள் பையன் 16ஆம் கனெக்டிகட் ரெஜிமெண்டைச் சேர்ந்தவன் என்றால் கதை ஓரளவு முழுசாகவே தெரியும். 1862 ஆகஸ்டில் சேர்க்கப்பட்டு, சரியான பயிற்சிகூட இல்லாமல் செப்டம்பர் 17 அன்று ஆன்டீட்டம் சண்டையில் இறக்கப்பட்ட படை அது. 1864 ஏப்ரலில் வட கரோலினாவின் பிளிமத் ஊரில் கிட்டத்தட்ட மொத்தமாகப் பிடிபட்டு, ஆண்டர்சன்வில்லுக்குப் போனது. 14ஆம் ரெஜிமெண்ட் என்றால் கொஞ்சம் தேட வேண்டியிருக்கும். அதிலிருந்தும் கைதிகள் போயிருக்கிறார்கள், ஆனால் ஒவ்வொருவரும் எங்கே பிடிபட்டார் என்பதைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

அவன் எந்தப் பள்ளத்தில் கிடக்கிறான் என்பதைக்கூட நீங்கள் கண்டுபிடித்துவிடலாம். அதற்குக் காரணமும் ஒரு கனெக்டிகட் பையன்தான். டோரன்ஸ் அட்வாட்டர் என்று பெயர், டெரிவில் ஊர்க்காரர், அவரும் அங்கே கைதி. முகாமில் இறப்புப் பதிவேடு எழுதும் வேலை அவருக்குக் கிடைத்தது. போர் முடிந்ததும் இந்தப் பதிவேடு காணாமல் போய்விடும் என்று பயந்து, யாருக்கும் தெரியாமல் இன்னொரு படி எழுதி வைத்துக்கொண்டார். 1865 கோடையில், போர்க்களத்தில் காயம்பட்டவர்களைப் பராமரித்துப் பெயர் பெற்ற கிளாரா பார்ட்டன் அம்மையாரோடு ராணுவக் குழு ஒன்று ஆண்டர்சன்வில்லுக்குப் போனபோது, அந்தப் பட்டியலில் இருந்த எண்ணையும் முளையில் இருந்த எண்ணையும் பொருத்தித்தான் கல்லறைகளுக்குப் பெயர் போட்டார்கள். அடையாளம் தெரியாமல் போனவை 460 மட்டும். இதற்கு அட்வாட்டருக்குக் கிடைத்த பரிசு ராணுவ நீதிமன்றமும் சிறையும். பட்டியல் யாருக்குச் சொந்தம் என்று அரசோடு தகராறு. பிறகு விடுதலையாகி, 1866இல் பட்டியலை அச்சிட வைத்தார். இன்று அந்தப் பட்டியலில் பெயரைத் தேடினால் கல்லறை எண் வரும். வந்துவிட்டால் பையன் ஜார்ஜியாவில்தான் இருக்கிறான் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். "ஏறக்குறைய" என்று சொல்லக் காரணம், பின்னாளில் தோண்டி எடுத்து ஊருக்குக் கொண்டுவந்த குடும்பங்களும் ஒன்றிரண்டு உண்டு. அதைக் கல் சொல்லாது. உங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் மனை வாரியாக அடக்கப் பதிவேடு வைத்திருப்பார்கள், அதில் அந்தக் குடும்பத்தின் மனையில் எத்தனை குழி என்று பாருங்கள். பெயர் ஏழு, குழி ஆறு என்றால் விடை கிடைத்துவிட்டது.

முதல் உலகப் போரில் இது தலைகீழ். மகனைக் கொண்டுவரலாமா, ஐரோப்பாவிலேயே இருக்கட்டுமா என்று அரசாங்கம் வீடு வீடாகக் கேட்டது. சுமார் 46,000 உடல்கள் அரசுச் செலவில் திரும்பி வந்தன. அதனால் 1918இல் பிரான்சில் இறந்ததாகக் கல்லில் இருந்து, பதிவேட்டில் அடக்கம் 1921 என்று இருந்தால் குழம்ப வேண்டாம். அது எழுத்துப் பிழை இல்லை.

இப்போது நட்சத்திரம். அதில் இருக்கும் ஜி.ஏ.ஆர். என்பது கிராண்ட் ஆர்மி ஆஃப் தி ரிபப்ளிக். போரிலிருந்து உயிரோடு திரும்பிய வடதரப்பு வீரர்கள் 1866இல் இல்லினாய் மாநிலத்தில் தொடங்கிய சங்கம். 1890 வாக்கில் அதில் 4 லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். இன்றைக்கு நீங்கள் மே மாதக் கடைசித் திங்கட்கிழமை விடுமுறை எடுக்கிறீர்களே, அந்த மெமோரியல் டேயை நாடு முழுக்கப் பரப்பியவர்களும் இவர்கள்தான். 1868 மே 30 அன்று தோழர்களின் கல்லறைகளுக்குப் பூ வையுங்கள் என்று சங்கத் தலைவர் ஜான் லோகன் உத்தரவு போட்டார். முதலில் தொடங்கியது எந்த ஊர் என்று கேட்டால் மட்டும் சண்டை வரும். நியூயார்க்கின் வாட்டர்லூவுக்கு 1966இல் அரசு அங்கீகாரமே கிடைத்தது. ஆனால் 1865 மே 1 அன்று தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில், அடிமைத்தளையிலிருந்து அப்போதுதான் விடுபட்ட கறுப்பின மக்கள் வடதரப்புக் கைதிகளின் கல்லறைகளை ஒழுங்குபடுத்தி, பூவோடு ஊர்வலம் போயிருக்கிறார்கள். என் ஓட்டு அவர்களுக்கு.

ஆக, நட்சத்திரம் இருந்தால் கீழே வடதரப்பு வீரர் ஒருவர் இருக்கிறார், அவர் போரில் சாகாமல் ஊர் திரும்பிக் கிழவராகச் செத்தவர் என்பது பொதுவான விதி. ஆனால் விதியை அப்படியே நம்பிவிடாதீர்கள். அந்த நட்சத்திரம் ஒரு கம்பியில் நிற்கிறது, கம்பி மண்ணில் வெறுமனே குத்தியிருக்கிறது. வெண்கலத்தில் வார்த்ததைப் பழைய உலோகக்காரனுக்கு விற்கத் திருடுகிறார்கள். பனி உருகும்போது சாய்கிறது. புல் வெட்டுகிறவன் பிடுங்கி ஓரமாகப் போட்டுவிட்டு, வேலை முடிந்ததும் குத்துமதிப்பாக எங்கோ நடுகிறான். சும்மா சொல்லவில்லை. நான் சேர்ந்த முதல் கோடையில் ஒரே வரிசையில் மூன்று நட்சத்திரங்களைப் பிடுங்கி வைத்து, இரண்டை இடம் மாற்றி நட்டேன். 4 வருடம் கழித்துப் பதிவேட்டோடு ஒப்பிட்டபோதுதான் தெரிந்தது, 6 வயதில் அம்மையில் இறந்த ஒரு குழந்தைக்கு இத்தனை வருடமும் ஊரே கொடி நட்டுக்கொண்டிருந்தது. இன்னொன்று: பெண் பெயருக்கு முன்னால் நட்சத்திரம் இருந்தால் உடனே தப்பு என்று முடிவு செய்ய வேண்டாம். டபிள்யூ.ஆர்.சி. என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். அது 1883இல் தொடங்கிய உமன்ஸ் ரிலீஃப் கோர், ஜி.ஏ.ஆரின் துணை அமைப்பு. ஜி.ஏ.ஆரின் கடைசி உறுப்பினர் ஆல்பர்ட் உல்சன் 1956இல் மினசோட்டாவின் டுலூத்தில் காலமானார், சங்கமும் அதோடு முடிந்தது. இன்றைக்குக் கொடி நடுவது ஊர்க்காரர்களும் அமெரிக்கன் லீஜன் என்கிற முன்னாள் வீரர்கள் சங்கமும் சாரணர் பிள்ளைகளும். அவர்கள் நட்சத்திரத்தைப் பார்த்துக் கொடி நடுகிறார்கள், பதிவேட்டைப் பார்த்து இல்லை.

நட்சத்திரத்தைவிட நம்பகமான சாட்சி, நீங்கள் கேட்காமல் விட்ட அந்த ஒரே மாதிரி சின்ன வெள்ளைக் கற்கள். பளிங்கு, 10 அங்குல அகலம், 4 அங்குலக் கனம், முகத்தில் கேடயம் போலக் குழித்து, அந்தக் குழிக்குள் எழுத்து புடைத்து நிற்கும். பிறந்த நாள், இறந்த நாள் பெரும்பாலும் இருக்காது. "கோ. கே, 14 கான். இன்ஃப்." என்று மட்டும் இருந்தால் 14ஆம் கனெக்டிகட் காலாட்படை, கே கம்பெனி. இந்த வடிவம் 1873இல் தேசியக் கல்லறைகளுக்காக வந்தது. 1879 பிப்ரவரியில் ஒரு சட்டம் போட்டு, சிற்றூர்க் கல்லறைகளிலும் தனியார் கல்லறைகளிலும் கல் இல்லாமல் கிடக்கும் வடதரப்பு வீரர்களுக்கும் இலவசமாகக் கொடுக்கலாம் என்றார்கள். உங்கள் ஊரில் இருப்பவை அந்தச் சட்டத்தின் பலனாகத்தான் இருக்கும். அப்படியென்றால், கேடயக் கல் உள்ள இடத்தில் புதைந்திருப்பவர் பெரும்பாலும் கல் வாங்க வழியில்லாத வீட்டு ஆள். பணக்காரச் சிப்பாய்க்குத் தூண், ஏழைச் சிப்பாய்க்குக் கேடயம். ரெஜிமெண்ட் பெயரில் "கலர்ட்" என்பதன் சுருக்கமோ யு.எஸ்.சி.டி. (யுனைடெட் ஸ்டேட்ஸ் கலர்ட் ட்ரூப்ஸ்) என்றோ இருந்தால் அது கறுப்பின வீரர்களின் படை. ராணுவத்தில் மட்டும் ஏறத்தாழ 1,79,000 பேர் அப்படிச் சண்டை போட்டார்கள். கனெக்டிகட்டின் 29ஆம் ரெஜிமெண்ட் அதில் ஒன்று. தோட்டத்தின் எந்த மூலையில் அந்தக் கற்கள் இருக்கின்றன என்று பாருங்கள், அதுவே ஒரு தனிக் கதை.

இந்தக் கற்களுக்கான விண்ணப்ப அட்டைகள் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பெயர், கம்பெனி, ரெஜிமெண்ட், எந்த ஊர், எந்தக் கல்லறை எல்லாம் அதில் உண்டு, இணையத்திலும் கிடைக்கின்றன. ஆனால் அட்டையிலும் தப்பு இருக்கும். சுழித்து எழுதிய கையெழுத்தை எழுத்தர் ஒரு விதமாகப் படிக்க, கல்வெட்டுகிறவர் இன்னொரு விதமாக வெட்டியிருப்பார். பெயரின் எழுத்துகள் கல்லில் ஒன்றாகவும் ஓய்வூதியக் கோப்பில் வேறாகவும் இருந்தால் நான் கோப்பைத்தான் நம்புவேன்.

உச்சி கூம்பிய வெள்ளைக் கல் எங்காவது தட்டுப்பட்டால் அது தென்தரப்பு வீரருடையது. யாங்கிகள், அதாவது வடக்கத்திக்காரர்கள், மேலே உட்காரக்கூடாது என்பதற்காகக் கூம்பு வைத்தார்கள் என்று சொல்வது வெறும் வாய்க்கதை. வடக்கில் கைதிகளாக இருந்து செத்த தென்தரப்பு வீரர்களுக்குக் கல் வைக்க 1906இல் சட்டம் வந்தபோது, வடதரப்புக் கல்லிலிருந்து வேறுபடுத்திக் காட்ட எடுத்த வடிவம் அது. ஒரு தடவை நியூயார்க் மாநிலத்தின் எல்மைரா வரை போய்வாருங்கள். அங்கே உட்லான் கல்லறையில் 2,973 தென்தரப்புக் கைதிகளை அடக்கம் செய்தவர் ஜான் டபிள்யூ. ஜோன்ஸ். வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்து, 1844இல் தப்பி எல்மைராவுக்கு வந்தவர். தன்னை அடிமையாக வைத்திருந்த பக்கத்து ஆட்கள் என்று அவர் அலட்சியம் காட்டவில்லை. ஒவ்வொருவரின் பெயரையும் படைப்பிரிவையும் எழுதி வைத்தார். பெயர் தெரியாமல் போனவர்கள் 7 பேர்தான். அட்வாட்டர் அளவுக்குக்கூட இவர் பெயர் வெளியே தெரியாது.

சரி, சிலைக்கு வருகிறேன். அது யாருடைய உருவமும் இல்லை. துப்பாக்கியின் அடிக்கட்டையைத் தரையில் ஊன்றி, குழாயை இரண்டு கையாலும் பிடித்து, நீளக் கோட்டும் தொப்பியும் மீசையுமாக நிற்கிறவர் என்றால் அவரை நீங்கள் இன்னும் பல ஊர்களில் சந்திப்பீர்கள். பாஸ்டனில் ஃபாரஸ்ட் ஹில்ஸ் கல்லறையில் மார்ட்டின் மில்மோர் செய்த வெண்கலச் சிப்பாய் 1868இல் திறக்கப்பட்டது, இந்த வகைக்கு அது ஒரு முன்னோடி. அதற்கு முந்தையவை பெரும்பாலும் ஆள் உருவமே இல்லாத தூண்கள். கனெக்டிகட்டின் கென்சிங்டனில் உள்ள தூண் 1863 ஜூலையில் நட்டது, போர் முடிய இன்னும் இரண்டு வருடம் இருந்தது. கருங்கல் சிப்பாய்கள் பல ரோட் ஐலண்ட் மாநிலத்தின் வெஸ்டர்லி குவாரிக் கல்லில் செதுக்கியவை. சிலையின் பீடத்தில் வருடம் இருக்கும், முதலில் அதைப் பாருங்கள். 1880க்குப் பிறகு என்றால், மகனை இழந்தவர்கள் வைத்ததாக இருக்க வாய்ப்புக் குறைவு, வயதாகிக்கொண்டிருந்த ஜி.ஏ.ஆர். ஆட்களும் ஊர்ப் பெரிய மனிதர்களும் வசூல் பண்ணி வைத்ததாக இருக்கும்.

வருடம் பார்த்த கையோடு முட்டியால் பீடத்தை லேசாகத் தட்டுங்கள். டொக்கென்று உள்ளே காலியாகக் கேட்டு, நிறமும் நீலம் கலந்த சாம்பலாக இருந்து, எழுத்துகள் நேற்று வெட்டியது போலக் கூர்மையாக இருந்தால் அது கல்லே இல்லை, துத்தநாகம். கனெக்டிகட்டின் பிரிட்ஜ்போர்ட்டில் இருந்த மானுமென்டல் ப்ரோன்ஸ் கம்பெனி இதை "வெள்ளை வெண்கலம்" என்று அழகான பெயர் வைத்து விற்றது. விலைப்பட்டியலைப் பார்த்து ஆர்டர் கொடுத்தால் சிலை வந்துவிடும். வடக்குக்கும் தெற்குக்கும் ஏறக்குறைய ஒரே சிப்பாய், உடுப்பில் சில மாற்றங்களோடு. பாசி பிடிக்காது, எழுத்து தேயாது. ஒரே குறை, காலப்போக்கில் தன் எடையைத் தானே தாங்காமல் அடிப்பகுதி தொய்ந்து பிதுங்கும். திருகாணி கழற்றும் பலகைகளுக்குப் பின்னால் குளவிக்கூடு இருக்கும், கழற்றிப் பார்த்துவிடாதீர்கள்.

வடக்குச் சிப்பாயும் தெற்குச் சிப்பாயும் ரயிலில் இடம் மாறி வந்துவிட்டார்கள் என்று ஊருக்கு ஊர் கதை சொல்வார்கள். ரசித்துக் கேளுங்கள், ரசீது காட்டாதவரை நம்ப வேண்டாம். ஆனால் ஜார்ஜியாவின் எல்பர்ட்டனில் நடந்தது நிஜம். 1898இல் தென்தரப்பு வீரர் என்று சொல்லி ஒரு கருங்கல் சிலையைத் திறந்தார்கள். குட்டையான உருவம், வடக்கத்திச் சிப்பாயின் கோட்டு, தொப்பி. ஊர்க்காரர்கள் "டச்சி" என்று கேலிப் பெயர் வைத்தார்கள், 1900 ஆகஸ்டில் ஓர் இரவு இழுத்துத் தள்ளி, குப்புறப் போட்டுப் புதைத்தார்கள். 1982இல் தோண்டி எடுத்து, மண் போகக் கார் கழுவும் கடையில் விட்டுக் குளிப்பாட்டி, இப்போது அந்த ஊர்க் கருங்கல் அருங்காட்சியகத்தில் படுக்க வைத்திருக்கிறார்கள்.

கார் கழுவும் கடை என்றதும் உங்கள் கடைசிக் கேள்வி. கருங்கல் தாங்கியதைப் பளிங்கு தாங்காது. முதலில் கல்லறை நிர்வாகத்திடம் கேளுங்கள், அந்தக் கல் ஒரு குடும்பத்துடையது. அனுமதி கிடைத்தால் சுத்தமான தண்ணீரும் மென்மையான நைலான் பிரஷும் போதும். கல்லை நன்றாக நனைத்து, அடியிலிருந்து மேலே தேய்த்து, தேய்க்கத் தேய்க்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள். பிளீச், வினிகர், கம்பி பிரஷ், பீய்ச்சி அடிக்கும் எந்திரம் எதுவும் வேண்டவே வேண்டாம். எங்கள் பக்கத்தில் ஒரு குழு நல்ல மனதோடு ஒரு வரிசை முழுக்க பிளீச் போட்டுக் கழுவியது. ஒரு கோடைக்குப் பல் தேய்த்த மாதிரிப் பளிச்சென்று இருந்தது. மூன்றாம் வருடம் விரல் வைத்தால் சர்க்கரை மாதிரி உதிர்ந்தது. பாசி பிடிவாதமாக இருந்தால் தேசியக் கல்லறைகளில் பயன்படுத்தும் டி/2 என்ற திரவம் கடையில் கிடைக்கிறது, தெளித்துவிட்டு மழைக்கு விட்டுவிடலாம். தொட்டால் மாவாக வரும் கல்லையும், தட்டினால் ஆடும் கல்லையும் தண்ணீரால்கூடத் தொடாதீர்கள்.

படிப்பதற்காக மட்டும் என்றால் கழுவவே வேண்டியதில்லை. நான் ஒரு பழைய பீரோக் கண்ணாடியைக் காரில் வைத்திருக்கிறேன். வெயில் வரும்போது கல்லுக்குப் பக்கவாட்டில் நின்று, வெளிச்சத்தைக் கல்லின் முகத்தில் சாய்வாக ஓடவிட்டால், மழுங்கிய எழுத்துக்கும் நிழல் விழும். சாக்பீஸ் தடவுவது, ஷேவிங் நுரை பூசுவது எல்லாம் வேண்டாம். அந்தத் தூணின் வடக்குப் பக்கத்தில் எழுத்து இருந்தால் நேரடி வெயில் சரியாக வராது, இரண்டு பேர் வேண்டும், ஒருவர் தள்ளி நின்று கண்ணாடி பிடிக்க, ஒருவர் படம் எடுக்க. 14க்கும் 16க்கும் வித்தியாசம் 4இன் நேர்க்கோட்டில் இருக்கிறது. வளைவு நிழல் அடியில் விழுந்தால் 6. பார்த்துவிட்டு எண்ணை இங்கேயே எழுதுங்கள். 16 என்றால் பிளிமத்தில் பிடிபட்டவர்கள் பட்டியலிலிருந்து தொடங்கலாம்.